கடுக்காய் கொடுக்காமல் கடுக்கா வாங்குவது எப்படி?

நீலகிரி கூடலூர் மார்க்கெட்டில் விடிகாலையில் 'கடுக்கா, கடுக்கா' என்று குரல் கேட்டால், கீழ்நாட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாக்கை அவிழ்த்துக் காட்டினால் உள்ளே கருத்த, ஓரத்தில் பச்சை ஓடிய, கட்டைவிரலை விடக் கொஞ்சம் நீளமான சிப்பிகள். கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் கடுக்கா. வடக்கே கண்ணூரில் கல்லுமக்காய். நம் குமரி மாவட்டத்தில் வெறும் சிப்பி.

இதைக் கழிமுகங்களில் கயிறு கட்டி வளர்க்கும் சிறு குழுக்களுக்கு, மலையில் இருக்கும் நாம் உருப்படியாக ஒரு உதவி செய்யலாம். நன்கொடை இல்லை. சரியான மாதத்தில், சரியான முறையில் வாங்கி, அன்றைக்கே காசைக் கொடுப்பது. கேட்க எளிதாக இருக்கும். முதல் வருடம் நான் செய்த தப்புகளை எண்ணினால் இந்தக் கட்டுரை போதாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாங்குவதற்கு முன்னால் ஒருமுறையாவது கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். நிலம்பூர் ரோடு ஸ்டேஷனில் ரயிலேறி, சொரனூரில் மாறி, மங்களூர் பக்கம் போகும் வண்டியில் செறுவத்தூர் வரை போகலாம். அங்கிருந்து படன்னை பக்கம்தான். காசர்கோடு மாவட்டத்தின் இந்தப் பகுதியில்தான் 1990-களின் பின்பாதியில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் கடுக்கா வளர்ப்பில் இறங்கின. தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தது கொச்சியில் தலைமையகம் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்.

வேலை இப்படி. மழைக்காலம் ஓய்ந்ததும் கடலோரப் பாறைகளில் பொடிச் சிப்பிகள் அப்பிக்கொண்டிருக்கும். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இவைதான் விதை. தடித்த கயிற்றைச் சுற்றி, மீட்டருக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வீதம் விதையைப் பரப்பி, மேலே கொசுவலைத் துணியைச் சுற்றித் தைத்துவிடுகிறார்கள். பருத்தித் துணியாக இருக்கவேண்டும். அது தண்ணீரில் சில நாளில் மக்கிப்போகும். அதற்குள் சிப்பி தன் நாரை விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. துணி மக்குவதும் சிப்பி பிடிப்பதும் ஒரே கணக்கில் நடக்கவேண்டும். கெட்டித் துணி போட்டால் சிப்பிக்கு மூச்சுமுட்டும், நைந்த துணி போட்டால் விதை சேற்றில் கொட்டிவிடும். ஐம்பது வயது அம்மா ஒருவர் தையல் ஊசியோடு திண்ணையில் உட்கார்ந்து, கயிற்றை மடியில் போட்டு, பூக்கட்டுவதுபோல் கட்டிக்கொண்டு போனார்.

அப்புறம் மூங்கில், சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போட்டு, கயிறுகளைத் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். தரையைத் தொடக்கூடாது. தீனி போடவேண்டியதில்லை. தண்ணீரை வடிகட்டி, அதிலிருக்கும் நுண்பாசியைத் தின்றே வளரும். ஐந்தாறு மாதத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரு மீட்டர் கயிற்றுக்குப் பத்து கிலோ வாக்கில் கிடைக்கும். நல்ல வருடமானால் பன்னிரண்டு.

எங்கே இடிக்கிறது?

தீனிச் செலவு இல்லாத தொழிலில் ஏன் கஷ்டம் என்று கேட்கலாம். காரணம் மழை. சிப்பிக்கு உப்புத்தண்ணீர் வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஆற்றுவெள்ளம் கழிமுகத்தை நல்ல தண்ணீராக்கிவிடும். கயிற்றில் மிச்சமிருப்பது செத்துப்போகும். அதனால் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்குள் எல்லாக் குழுக்களும் எல்லாக் கயிற்றையும் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றியாகவேண்டும். வியாபாரிக்கு இது தெரியாதா? மே மாதம் மூன்றாவது வாரம் மேகம் கறுத்ததும் விலையை இறக்குவான். 'வேண்டாம் என்றால் தண்ணீரிலேயே விடுங்கள்' என்பான். விட முடியாது.

நம் உதவி தேவைப்படுவது இந்த இடத்தில்தான். ஏப்ரல் தொடக்கத்திலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, முன்கூட்டிச் சொன்ன அளவில், பேசிய விலையில் எடுக்க ஆள் இருந்தால், கடைசி வாரத்தில் வியாபாரியின் காலில் விழவேண்டியதில்லை. குழுவின் மொத்த விளைச்சலில் நாம் எடுப்பது சிறு பங்குதான் என்றாலும், 'எனக்கு வேறு ஆள் இருக்கிறது' என்று சொல்ல அது போதும்.

படி 1: வீடுகளை எண்ணுங்கள், பிறகு கயிற்றை எண்ணுங்கள்

கிலோவில் யோசிக்காமல் கயிற்றில் யோசியுங்கள். பத்து வீடு, வீட்டுக்கு ஒரு கிலோ என்றால் ஒரு மீட்டர் கயிறு. அவ்வளவுதான் கணக்கு. எங்கள் கூட்டத்தில் இப்போது இருபத்தெட்டு வீடுகள். நாங்கள் ஒரு பருவத்தில் நான்கு தடவை எடுக்கிறோம். தடவைக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இப்படிச் சொன்னால் வளர்ப்பவருக்கும் எந்தக் கயிற்றை எப்போது ஏற்றுவது என்று புரிகிறது.

ஒரு கிலோவில் சுமார் முப்பது சிப்பி இருக்கும். ஓட்டைக் கழித்தால் சதை மூன்றில் ஒரு பங்கு. இதை முதலிலேயே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டதால் எங்கள் தெருவில் ஒரு அக்கா, 'ஒரு கிலோ வாங்கி ஒரு கரண்டிதான் வந்துச்சு' என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

யாருக்காவது இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதென்றால் அவர்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

படி 2: குழுவைக் கண்டுபிடியுங்கள்

கோழிக்கோட்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. அந்தந்த மாவட்ட மீன்வளத் துறை அலுவலகம், கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் அலுவலகம் ஆகியவற்றிலும் கேட்கலாம். கேட்கும்போது ஒரு கேள்வியை விடாதீர்கள்: வளர்த்ததா, பாறையில் எடுத்ததா? சந்தைக்கு வரும் கடுக்காவில் பாறையிலிருந்து முங்கி எடுப்பதும் நிறைய உண்டு. முட்டம், குளச்சல் பக்கத்துப் பழுப்புச் சிப்பி பெரும்பாலும் அப்படி வருவதுதான். அதில் தப்பில்லை, அதுவும் உயிரைப் பணயம் வைக்கும் உழைப்பு. ஆனால் நீங்கள் வளர்ப்போருக்கு உதவ நினைத்தால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

கடுக்காதான் வேண்டும் என்றில்லை. தூத்துக்குடியில் கடலோர ஆளி (ஆய்ஸ்டர்) வளர்ப்பு முறையை இதே ஆராய்ச்சி நிலையம் 1970-களிலேயே செய்துகாட்டியது. கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கும் தொழில் 2014-ல் எம்.எஸ்.சி. என்ற உலகத் தரச் சான்று பெற்றது. இந்தியாவில் அந்தச் சான்று வாங்கிய முதல் மீன்பிடித் தொழில் அதுதான். பழனிமலைக்காரர்கள் தூத்துக்குடிப் பக்கம் விசாரிக்கலாம். நாங்கள் கூடலூர்க்காரர்கள், எங்களுக்கு நாடுகாணிச் சுரம் இறங்கினால் மலபார்.

படி 3: பேசுவது ஜனவரியில்

கயிறு தண்ணீரில் இருக்கும்போதே பேசிவிடவேண்டும். அறுவடை சமயத்தில் போய் நின்றால் நீங்களும் இன்னொரு வியாபாரிதான். எங்களுக்குத் தரும் குழுவின் தலைவியை எல்லோரும் இத்தா (அக்கா) என்று கூப்பிடுகிறோம். சாலியாற்று முகத்துவாரத்துக்கு அருகில் பதினொரு பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். முதல் தடவை போனபோது நான் வழக்கம்போல் பேரம் பேசத் தொடங்கினேன். இத்தா டீயை நீட்டிக்கொண்டே, 'நீங்க தேயிலை விக்கிறப்போ ஃபாக்டரிக்காரன்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?' என்று கேட்டார். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் நாம் படும் பாடு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அதோடு பேரம் நின்றது.

மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை மீட்டர், எந்தெந்த வாரம், கிலோ என்ன விலை. தொகையில் கால் பங்கு முன்பணம். மிச்சம் சாக்கு கையில் வந்த அன்றே ஜிபேயில். நாம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கொள்முதல் கடிதத்தை அவர்கள் கடன் கேட்கும்போது காட்டுகிறார்கள். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 2020 முதல் சிப்பி வளர்ப்புக்கும் மானியம் உண்டு. பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம். மிச்சப் பணத்தை அவர்கள்தான் புரட்டவேண்டும்.

பாவம் என்று சந்தை விலையை விட ரொம்பக் கூட்டிக் கொடுத்து அடுத்த வருடம் காணாமல் போகாதீர்கள். அதை விட, சாதாரண விலைக்கு ஐந்து வருடம் தொடர்ந்து வாங்குவது நல்லது.

படி 4: மலையேற்றிக் கொண்டுவருவது

என் பெரிய தப்பு இங்கேதான் நடந்தது. முதல் வருடம் நாற்பது கிலோ வந்தது. மீனுக்குச் செய்வதுபோல் அலுமினியக் குண்டானில் கொட்டி, மேலே ஐஸைக் குவித்து மூடிவைத்துவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் பார்த்தால் ஐஸ் உருகி, அந்த நல்ல தண்ணீரில் சிப்பிகள் ராத்திரி முழுக்க ஊறியிருக்கின்றன. பாதிக்கு மேல் வாயைப் பிளந்து கிடந்தன. தட்டினால் மூடவில்லை. பதினெட்டு கிலோ தேறியது. இருபத்திரண்டு கிலோவைத் தோட்டத்துக் கோடியில் குழிவெட்டிப் புதைத்தேன். நாற்பது கிலோவுக்கும் காசு கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அதனால் நினைவில் வையுங்கள்: சிப்பி உயிரோடு வரவேண்டும், குளிர்ச்சியாக வரவேண்டும், தண்ணீரில் மிதக்காமல் வரவேண்டும். சணல் சாக்கைக் கடல் தண்ணீரில் நனைத்து அதில் கட்டச் சொல்லுங்கள். ஐஸ் வைக்கவேண்டுமென்றால் தனிப் பாத்திரத்தில் பக்கத்தில் வையுங்கள், அல்லது அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ள பெட்டியில் வையுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. அதில் மூச்சுமுட்டிச் சாகும். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் பைக்குத் தடையும் இருக்கிறது, நாடுகாணி சோதனைச்சாவடியில் பிடித்தால் அபராதம். சாக்கு இரண்டுக்கும் வழிசெய்துவிடுகிறது.

காலையில் கயிறு ஏற்றினால் மறுநாள் மாலை மீன் வண்டியில் போட்டுவிடுகிறார்கள். ராத்திரி சுரம் ஏறி விடிவதற்குள் கூடலூர். வழியில் யானை நின்றால் ஒரு மணி நேரம் கூட ஆகும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடலூரிலிருந்து மேலே ஊட்டி, குன்னூர் கொண்டுபோவதானால் குளிர் நமக்குத் துணை. அதற்காக மறுநாளைக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.

இன்னொன்று. குழு தன் சிப்பியை வடிகட்டிய, சுத்தமான கடல் தண்ணீர்த் தொட்டியில் ஒரு நாள் போட்டுவைத்து அனுப்புகிறதா என்று கேளுங்கள். வயிற்றிலுள்ள சேறும் கிருமியும் வெளியேற அந்த ஒரு நாள் வேண்டும். தொட்டி இல்லாத குழு என்றால், நாலைந்து வாங்கும் கூட்டங்கள் சேர்ந்து அதற்கு முன்பணம் கொடுப்பது நல்ல உதவி.

படி 5: அடுப்புக்குப் போகும் முன்

ஓடு உடைந்ததையும் தட்டியும் மூடாததையும் தள்ளுங்கள். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாரை இழுத்தெடுங்கள். பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றாமல், மூடி அடுப்பில் வைத்தால் தன் தண்ணீரிலேயே வெந்து வாய் திறக்கும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே வாய் திறந்த பிறகும் கூடுதலாக இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். வெந்தும் திறக்காததைத் தின்னாதீர்கள். வடியும் தண்ணீரைக் கொட்டாதீர்கள். துணியில் வடிகட்டிக் குழம்பில் ஊற்றலாம், உப்பு மட்டும் பார்த்துப் போடுங்கள்.

மலபார் முறையில் ஊறவைத்த புழுங்கலரிசியைத் தேங்காய், சின்ன வெங்காயம், பெருஞ்சீரகத்தோடு அரைத்து, பச்சைச் சிப்பியின் வாயைப் பிளந்து அதில் அடைத்து, ஆவியில் வேகவைத்து, ஓட்டைக் கழற்றி, மசாலா புரட்டிப் பொரிப்பார்கள். அரிக்கடுக்கா. செய்ய அரை நாள் ஆகும், தின்ன ஐந்து நிமிடம். எங்கள் வீட்டில் சின்ன வெங்காயமும் நம்மூர் மிளகும் நுணுக்கிப் போட்ட வறுவலோடு சரி.

ஒரு எச்சரிக்கை. சில சமயம் கடலில் நச்சுப்பாசி பெருகும். அதைத் தின்ற சிப்பியில் நஞ்சு ஏறிவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. 1981-ல் கல்பாக்கம் பக்கத்து வயலூரிலும் 1997-ல் விழிஞ்ஞத்திலும் அப்படிச் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். கடல் நிறம் மாறியிருக்கிறது, இந்த வாரம் வேண்டாம் என்று குழு சொன்னால், 'பரவாயில்லை அனுப்புங்கள்' என்று சொல்லாதீர்கள். அந்த வாரம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இருந்தால், அடுத்த முறையும் தைரியமாக உண்மையைச் சொல்வார்கள்.

படி 6: ஓட்டல்காரர்கள்

ஏப்ரல், மே நமக்கு சீசன். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஓட்டல்கள் புதுசாக ஏதாவது தேடும். நல்ல வாய்ப்புதான். ஆனால் இரண்டாம் வருடம் ஒரு ஓட்டல் பதினைந்து கிலோ எடுத்துக்கொண்டு, நாளைக்கு, திங்கட்கிழமைக்கு, சீசன் முடியட்டும் என்று இழுத்து, கடைசியில் எனக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டது. கடுக்கா வாங்கிக் கடுக்காய் கொடுத்தவர்கள் என்று எங்கள் வீட்டில் அதற்கு நிரந்தரப் பெயர். அந்தத் தொகை என் கையிலிருந்து போனது, இத்தாவிடம் சொல்லவில்லை. ஓட்டலுக்குக் கொடுத்தால் காசு முன்னால், சாக்கு பின்னால். விற்பனையாகச் செய்யத் தொடங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

படி 7: நம் ஓடை

இதற்குக் காசே வேண்டாம், ஆனால் யாரும் செய்வதில்லை. பாண்டியாறு புன்னம்புழையாகி, சாலியாற்றில் சேர்ந்து, பேப்பூரில் கடலுக்குள் போகிறது. அதாவது நம் தோட்டத்து ஓடையில் மருந்தடிக்கும் டாங்கைக் கழுவினால் அது இத்தாவின் கயிறு இருக்கும் பக்கம்தான் போகும். சிப்பி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீரை வடிகட்டுகிற பிராணி. நாம் விடுவது எதுவோ அதுவும் அதன் வயிற்றில் தங்கும். அதை நாமே சாக்குப்போட்டு வாங்கித் தின்கிறோம்.

டாங்கை ஓடையிலிருந்து தள்ளி, மண்ணில் கழுவுங்கள். காலி மருந்து பாட்டிலை ஓடையோரம் வீசாதீர்கள். கழிப்பறைக் குழாயை நேரே ஓடைக்கு விட்டிருக்கும் வீடு உங்கள் பட்டியலில் இருந்தால், கடுக்கா தருவதற்கு முன்னால் அதைப் பேசுங்கள். சண்டை வரும். எனக்கும் வந்தது. இரண்டு வீட்டில் ஒன்று தொட்டி கட்டியது.

இன்னொரு சின்ன வேலையும் செய்கிறேன். மே மாதத்தில் தேவாலாப் பக்கம் விடாமல் கோடை மழை கொட்டினால் உடனே இத்தாவுக்கு ஒரு போன். 'இங்கே ஓடை கலங்கி ஓடுது' என்பேன். அந்தத் தண்ணீர் கீழே போய் உப்பை இறக்குவதற்குள் கயிற்றை ஏற்ற அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். போன வருடம் அப்படிச் சொன்னதில் நாலு கயிறு தப்பியது என்றார். நான் சொல்லாவிட்டாலும் அவருக்கே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் போன் போடுகிறேன்.

படி 8: ஓடு

இருபத்தெட்டு வீட்டு ஓடு சேர்ந்தால் ஒரு சின்னக் குன்று. நாறும். சதை ஒட்டிய ஓட்டைக் குப்பையில் போட்டால் காட்டுப்பன்றி வரும், கரடியும் வரும். கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டிவையுங்கள். ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. தேயிலைக்கு மட்டும் போடாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும். கோஸ், முள்ளங்கிப் பாத்திக்கு உரலில் இடித்துத் தூவலாம். இடிக்கும்போது கண்ணில் தெறிக்கும். மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டுக்கொண்டு இடியுங்கள்.